தங்கச்சி சிஸ்டரை பாப்புவா நியூ கினிக்கு மாற்றியிருக்கிறார்கள்: அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

முத்துநகர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி கன்னியாஸ்திரி, நர்ஸ் படித்தவள். நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுக்கச் சபையில் இருப்பேன் என்ற உறுதிமொழி) கொடுத்தபிறகு ஆந்திராவில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன மாதம் சபையிலிருந்து மாற்றல் கடிதம் வந்திருக்கிறது. பாப்புவா நியூ கினி, சாண்டாவுன் மாகாணம், வனிமோ மறைமாவட்டத்தில் காட்டுக்குள் ஒரு சுகாதார நிலையம். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் விடுமுறையாம்.

அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பிரச்சினை எங்கள் வீட்டில். என் பையன் கூகுளில் தேடி, நரமாமிசம், சூனியம், கொள்ளைக்கூட்டம் என்று வந்த படங்களையெல்லாம் ஆச்சிக்குக் காட்டிவிட்டான். அன்றிலிருந்து அம்மா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே அழுகிறாள். "போப்பாண்டவரே அங்கே போயிருக்காருமா" என்றேன். "அவரு ஒரு நாள்ல திரும்பிட்டாருல்ல" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே ஒரு சிஸ்டரின் அன்றாட வாழ்க்கை நிஜமாகவே எப்படி இருக்கும்? பாதுகாப்பு? சாப்பாடு? போன் கிடைக்குமா? பெட்டியில் என்ன போட்டு அனுப்பலாம்? இணையத்தில் இருப்பதெல்லாம் ஒன்று பயங்கரக் கதை, இல்லையென்றால் நன்கொடை கேட்கும் துண்டறிக்கை. இரண்டும் வேண்டாம்.


லே நகரக் கணக்கன்:

அண்ணே, நான் லே நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். சாண்டாவுன் பக்கம் போனதில்லை. நகரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பயம் நியாயமானதுதான், ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடும். போர்ட் மோர்ஸ்பியிலும் லேயிலும் இருட்டியபிறகு நடந்து போகக்கூடாது, முள்கம்பி வேலிக்குள்தான் வாழ்க்கை. வழிப்பறிக்காரர்களை இங்கே ராஸ்கல் என்பார்கள். 2024 ஜனவரி 10ஆம் தேதி சம்பளப் பிடித்தம் தொடர்பாகப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஒரே நாளில் மோர்ஸ்பியில் கடைகளைச் சூறையாடித் தீவைத்தார்கள். நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிராமங்களில் அந்த மாதிரி இல்லை என்று இங்குள்ள சாமியார்களே சொல்கிறார்கள். மலைநாட்டு மாகாணங்களில் குலச்சண்டை உண்டு, துப்பாக்கியோடு. சாண்டாவுன் அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று: தலைநகரிலிருந்து நாட்டின் மற்ற பெரிய ஊர்களுக்குச் சாலையே கிடையாது. எல்லாம் விமானம், இல்லையென்றால் கப்பல். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மோர்ஸ்பி, அப்புறம் உள்நாட்டு விமானம். இணைப்பு தவறினால் ஒரு இரவு மோர்ஸ்பியில் தங்கவேண்டி வரும். யார் கூட்டிப்போக வருவார்கள், எந்த மடத்தில் தங்குவது என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஆறுதலாக ஒரு சேதி: மேற்கு நியூ பிரிட்டன் மாகாணத்துக்கு 2012இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சசீந்திரன் முத்துவேல் நம்ம சிவகாசிப் பக்கத்துக்காரர். பிழைக்கப் போனவரை மக்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த நாடு.


ஊர்க்குரல்:

மனதைப் புண்படுத்தக் கேட்கவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நர்ஸ் பற்றாக்குறை. அதை விட்டுவிட்டு அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் செய்ய என்ன இருக்கிறது? அங்கிருப்பவர்களை மதம் மாற்றத்தானே? நேரடியாகச் சொல்லிவிடலாமே.


குளச்சல் சிஸ்டர்:

தம்பி, நான் அதே சாண்டாவுனில், ஐத்தபே பக்கம் கடற்கரையிலும், பிறகு டொரிசெல்லி மலைக்கு அந்தப்புறம் உள்நாட்டிலும் இருந்தவள். இப்போது முழங்கால் தேய்ந்து, ஊர்ப்பக்கம் மடத்தில் வயதான சிஸ்டர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேரம் இருக்கிறது. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்க்குரல் கேட்டதற்கு. அந்த நாட்டில் மதம் மாற்ற ஆளில்லை ஐயா. மக்கள்தொகைக் கணக்கில் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள். 2025 மார்ச்சில் நாடாளுமன்றமே அரசியலமைப்பைத் திருத்தி, கிறிஸ்தவ நாடு என்று எழுதிக்கொண்டது. (அது தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவையில்லை என்றுதான் தோன்றியது. ஞானஸ்நானம் வாங்கிய சட்டம் யாருக்கும் காய்ச்சல் மாத்திரை கொடுக்காது.) வேலை வேறு. கிராமப்புற மருத்துவ சேவையில் ஏறக்குறையப் பாதியைத் திருச்சபைகள்தான் நடத்துகின்றன, கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன், அட்வென்டிஸ்ட் எல்லோருமாக. அரசு சம்பளம் தரும், கட்டடமும் ஆளும் சபையுடையது. அங்கே ஒரு நர்ஸ் போகாவிட்டால் அடுத்த நர்ஸ் இரண்டு நாள் நடைக்கு அப்பால் இருப்பாள். நம் ஊரிலும் பற்றாக்குறை உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊரில் பஸ் வரும்.

அங்கே முதலில் போனவர்களும் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. 1875இல் நியூ பிரிட்டன் பக்கத்துத் தீவுகளுக்கு மெதடிஸ்ட் சபை ஆள் அனுப்பியபோது கூடப் போனவர்கள் ஃபிஜித் தீவு உபதேசியார்கள், அதாவது குருப்பட்டம் இல்லாமல் வேதம் சொல்லித்தருகிறவர்கள். நிறையப் பேர் காய்ச்சலில் அங்கேயே செத்தார்கள். எங்கள் பக்கத்துக்குக் கத்தோலிக்கச் சாமியார்கள் வந்தது 1896இல், ஐத்தபேக்கு எதிரே தும்லியோ தீவுக்கு. 1542இல் நம்ம முத்துக்குளித்துறைக்கு சவேரியார் வந்து, செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராய்ப் போனார் என்று தூத்துக்குடிக்காரனான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒருவர் பாஷை தெரியாமல் வந்து தப்புத்தப்பாய்ப் பேசியதில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது.

சரி, அன்றாடம். காலை நாலரைக்கு எழும்புவோம். செபம், தியானம். தினமும் பூசை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உன் தங்கச்சி போனால் அதுதான் முதல் ஏமாற்றம். ஒரு சாமியாருக்குப் பல கிராமம், இடையில் பாலமில்லாத ஆறுகள். மழை பெய்தால் அந்த ஞாயிறும் இல்லை. வழிபாடு நடத்துவது உபதேசியார், கராமுட் என்கிற மர முரசை அடித்து ஊரைக் கூட்டுவார். அவரைக் குறைவாக நினைக்கக்கூடாது. அந்த நாட்டின் முதல் புனிதரே ஒரு உபதேசியார்தான், குடும்பஸ்தர். ரக்குனாய் ஊர் பீட்டர் டோ ரோட், 1945இல் ஜப்பானியர் காவலில் கொல்லப்பட்டவர். 2025 அக்டோபரில் புனிதராக அறிவித்தார்கள்.

எட்டு மணிக்கு நோயாளிகள் வருவார்கள். அதற்கு முன் ஒரு வேலை உண்டு, அதை எந்த நர்சிங் காலேஜிலும் சொல்லித்தரவில்லை: சோலார் பேட்டரியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பது. தடுப்பூசியும் ஆக்சிடோசினும் இருக்கிற ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடும். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். சூடுபட்ட மருந்தைப் பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிறவளுக்குப் போட்டால் ரத்தம் நிற்காது, ஏன் நிற்கவில்லை என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அதனால் பேட்டரி, ஒயர், ஃபியூஸ், தண்ணீர்த்தொட்டிக் குழாய் இதெல்லாம் தெரிந்த நர்ஸ்தான் அங்கே நல்ல நர்ஸ். போவதற்குள் ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் அவளை ஒரு வாரம் உட்கார வை. சும்மா சொல்லவில்லை.

வருகிற நோய் என்றால் மலேரியா முதலிடம். பிறகு காசநோய், நிமோனியா, கத்திவெட்டு, ஆறாத கால்புண், பாம்புக்கடி. உடம்பெல்லாம் வளையம் வளையமாகத் தோல் உரியும் படை ஒன்று உண்டு, கிரிலே என்பார்கள், நம்ம ஊரில் அவள் பார்த்திருக்கமாட்டாள். பிரசவக் கேஸ் தூரத்துக் கிராமத்திலிருந்து வந்தால், இரண்டு கழியில் போர்வையைக் கட்டி இளவட்டங்கள் மாறி மாறித் தூக்கி வருவார்கள். வரும்போதே பாதி நேரம் கடந்திருக்கும். நம்மால் முடியாததை ரேடியோவில் சொல்லி மிஷன் விமானத்தைக் கூப்பிடுவோம். மதியத்துக்குமேல் மலை இடுக்கில் மேகம் மூடிவிடும், காலையிலேயே வந்தாகவேண்டும். புல்வெளிதான் ஓடுபாதை. புல் வெட்டாவிட்டால் விமானம் இறங்காது. நிலத்துக்காரர்களுக்குள் நட்டஈட்டுச் சண்டை வந்து பாதையில் கட்டை போட்டுவிட்டாலும் இறங்காது. ஏறும்முன் உன்னையும் உன் பையையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார்கள். எல்லார் முன்னாலும் எடையைச் சத்தமாகச் சொல்வார்கள், அதற்கும் மனசைத் தயார் செய்யச் சொல்.

சாப்பாடு. கரையிலும் ஆற்றோரத்திலும் சக்சக், அதாவது நிஜமான சவ்வரிசி மரத்தின் மாவு. (நம்ம சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு.) கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வரும். கீரையும் மீனும் சேர்த்து விழுங்கவேண்டும், மெல்லக்கூடாது. எனக்கு முதலில் இறங்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தால் அதைத்தான் கேட்டேன். சேம்பு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அரிசி கடையில் வாங்கவேண்டும், விலை. டப்பா மீன்தான் விருந்து. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் டப்பா மீனைத் திறந்து குழம்பு வைத்ததைப் பார்த்திருந்தால் எங்க அப்பா என்னைப் படகிலேயே ஏற்றியிருக்கமாட்டார். வனிமோவிலிருந்து இந்தோனேசிய எல்லை பக்கம், ஊட்டுங் என்ற ஊரைத் தாண்டினால் பாத்தாஸ் சந்தை. எல்லைக்குப் போகும் யாரிடமாவது சொன்னால் மிளகாய், மல்லி, புளி கிடைக்கும். நரமாமிசம் பற்றி அம்மாவிடம் சொல்: நான் அங்கே சாப்பிட்ட ஆபத்தான இறைச்சி, தேதி முடிந்த டப்பா மாட்டிறைச்சி ஒன்றுதான்.

இதெல்லாம் எளிது. இனி சொல்வதுதான் கஷ்டமான பாகம்.

ஒன்று, கேட்கிறவர்கள். அங்கே ஒரே பாஷைக்காரர்கள் ஒருவருக்கொருவர் வான்டோக். இருப்பதைப் பகிர்ந்தே ஆகவேண்டும், மறுக்கமுடியாது. நீ யாருக்கும் வான்டோக் இல்லை, அதனால் எல்லோருக்கும் வான்டோக். இருட்டியபிறகும் கதவு தட்டும் சத்தம் நிற்காது. உப்பு, சோப்பு, டார்ச் பேட்டரி, பள்ளிக்கூடக் கட்டணம், பாட்டியின் சவப்பெட்டிக்கு ஆணி. புதிதாய் வருகிற சிஸ்டர்கள் முதல் வருடம் எல்லாவற்றையும் கொடுப்பார்கள், இரண்டாம் வருடம் எல்லோரையும் திருடர்கள் என்பார்கள். அந்த இரண்டாம் வருடத்தில்தான் பாதிப்பேர் திரும்பிப் போகக் கடிதம் எழுதுவார்கள். தாண்டிவிட்டால் சரியாகிவிடும். ஒருநாள் நம்ம தோட்டத்தில் ஒன்றுமில்லாதபோது, யார் வைத்தார்கள் என்று தெரியாமல் வாசலில் ஒரு கட்டு சேம்புக் கிழங்கு இருக்கும். நாமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கும்.

இரண்டு, கூட இருக்கிற சிஸ்டர்கள். இதை எந்த மிஷன் பத்திரிகையிலும் போடமாட்டார்கள். மூன்று பேர், ஒருத்தி ஜார்க்கண்ட், ஒருத்தி கேரளா, நான். மூன்று பேருக்கும் பொதுவாய் அரைகுறை இங்கிலீஷ். நாள்பூரா நோயாளிகளிடம் பிடின் (அந்த நாட்டுப் பொதுமொழி) பேசி நாக்கு களைத்துப்போய் வந்து, ராத்திரி ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று சண்டை போடுவோம். மூன்று பேரில் இரண்டு பேர் பேசாமலிருந்தால் அந்த வீட்டில் மழைச்சத்தம் மட்டும்தான். கடவுளோடு பேசு என்பார்கள். பேசலாம், ஆனால் நம்ம பாஷையில் ஒரு ஆள் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றும் நாட்கள் உண்டு. அங்கே அழுகிற சிஸ்டரைக் கண்டால் மலேரியாவோ என்று நினைத்து ஊசி குத்தி ரத்தம் எடுப்போம். பாதிநேரம் மலேரியாவாகவும் இருக்கும்.

மூன்று, சங்குமா, அதாவது சூனியம். உன் பையன் காட்டிய படங்களில் இது ஒன்றுதான் பொய்யில்லை. வாலிப வயசில் யாராவது திடீரென்று செத்தால், இயற்கைச் சாவு என்று நம்பமாட்டார்கள். சூனியம் வைத்தது யார் என்று தேடுவார்கள். கைகாட்டப்படுவது பெரும்பாலும் விதவை, பிள்ளையில்லாதவள், வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். 2013 பிப்ரவரியில் மவுண்ட் ஹேகன் நகரத்தில் ஒரு இளம்தாயைக் கூட்டம் பார்த்திருக்க எரித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான், சூனிய பயத்தைக் காட்டித் தண்டனையைக் குறைக்க வழிவிட்ட 1971ஆம் வருடச் சட்டத்தை ரத்து செய்தார்கள். மெண்டியில் லோரேனா ஜெனல் என்ற சுவிஸ் சிஸ்டர் இப்படிச் சித்திரவதைப்பட்ட பெண்களைக் காப்பாற்றி, தங்கவைக்க வீடு நடத்துகிறார். அந்தத் துணிச்சல் எனக்கில்லை. எங்களிடம் ஓடிவந்த ஒரு பெண்ணை மருந்து அறையில் படுக்கவைத்து, விடியுமுன் வள்ளத்தில் அவள் அண்ணன் ஊருக்கு அனுப்பியது உண்டு. அவ்வளவுதான்.

ஆனால் நர்ஸ் ஒன்று செய்யலாம், இதை உன் தங்கச்சி குறித்துக்கொள்ளட்டும். சூனியம் இல்லை என்று பிரசங்கம் செய்து நான் யாரும் மாறிப் பார்த்ததில்லை. சாவு நடந்த உடனே, உடலைத் தூக்கிப்போகுமுன், ஊர்ப்பெரியவர்களையும் தாய்மாமன்களையும் உட்காரவைத்து, இவன் எதனால் செத்தான் என்று முழுசாய்ச் சொல்லவேண்டும். நுரையீரல் எப்படி இருந்தது, எத்தனை நாள் இருமினான், என்ன மருந்து கொடுத்தோம், ஏன் கேட்கவில்லை. எழுதியும் கொடுக்கவேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வைத்து. துக்க வீட்டில் முதல் ராத்திரி பேச்சு தொடங்குமுன் அந்தக் காகிதம் அங்கே போய்ச் சேர்ந்துவிடவேண்டும். சேர்ந்த இடங்களில் பெரும்பாலும் ஒரு பெயரும் எழும்பவில்லை. தாமதித்த இடங்களில் எழும்பியது. மிஷன் வேலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த முத்திரையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிச் சாவைப் பச்சையாகச் சொல்லப் பழகியவளுக்கு, வீட்டிலிருந்து வந்தது வேறு. அப்பாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்து பல மாதமாயிற்று. "அவ தூரத்துல இருக்கா, எதுக்கு மனசைக் கெடுக்கணும்" என்று எல்லோரும் மறைத்தார்கள். போனில் கேட்டால் "நல்லாயிருக்காரு, தூங்குறாரு." கடைசியில் சேதி வந்தபோது சாண்டாவுனிலிருந்து குளச்சலுக்கு எப்படிப் போனாலும் மூன்று நாளுக்குக் குறையாது. அடக்கம் முடிந்துவிட்டது. நான் நர்ஸ். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தால் எத்தனை மாதம் என்று நானே கணக்குப் போட்டு, விடுமுறையை முன்னால் கேட்டு வாங்கியிருப்பேன். சுப்பீரியர் கொடுத்திருப்பார்கள், கேட்கிறதற்குத்தான் எனக்கு விஷயமே தெரியாதே.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்ப்பெண்கள் மடத்து முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். துக்கவீடு என்றால் அங்கே ஹவுஸ் கிராய், சொந்தங்கள் வந்து தங்கி அழுவது. பார்க்காத மனுஷனுக்காக, பெயர்கூடச் சரியாய்ச் சொல்லத் தெரியாமல், சத்தம் போட்டு அழுதார்கள். வாழைக்குலையும் சக்சக்கும் கொண்டுவந்து அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்தார்கள். ஐத்தபே பக்கத்திலிருந்து அங்கே கல்யாணமாகி வந்திருந்த ஒரு கிழவி என் கையை விடவேயில்லை. 1998 ஜூலை 17 அன்று சிசானோ காயலில் கடல் ஏறி இரண்டாயிரத்துக்கும் மேலே ஆள் போனதில் மொத்தக் குடும்பத்தையும் இழந்தவள். நானும் 2004இல் கடல் ஏறிய கரைக்காரி என்று அவளுக்குத் தெரியும். "நீ அழு, நான் சோறு பார்த்துக்கிறேன்" என்றாள்.

எனவே தம்பி, பெட்டியில் என்ன வைப்பது என்பதைவிட முக்கியம் இது: வீட்டில் நடப்பதை நடந்த அன்றே அவளிடம் சொல்லுங்கள். கடன், நோய், சண்டை, கல்யாணம் தட்டிப்போனது, எல்லாம். "எப்ப வருவ" என்று ஒவ்வொரு போனிலும் கேட்காதீர்கள். "அங்க என்ன அற்புதம் நடந்துச்சு" என்றும் கேட்காதீர்கள், பங்கு மலரில் போடுவதற்குக் கதை தேடி அலுத்துப்போவாள். இன்றைக்கு என்ன சமைத்தாய், யாரோடு சண்டை என்று கேளுங்கள்.

போன் நேரம்: அவர்கள் நம்மைவிட நாலரை மணிநேரம் முன்னால். வீட்டில் ராத்திரி எட்டுமணிச் செபம் முடித்து நீங்கள் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மதியம் இரண்டரை மணிதான் சரி, அங்கே ஏழு. கோபுரம் வேலைசெய்யாத வாரங்களும் வரும். சேதி இல்லையென்றால் கெட்ட சேதி என்று அம்மா எடுத்துக்கொள்ள வேண்டாம்.


முத்துநகர்க்காரன்:

சிஸ்டர், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்குமா பாகத்தை மட்டும் தாண்டிவிட்டேன். முற்றத்தில் வந்து அழுதார்கள் என்ற இடத்தில் அம்மா வாசிப்பை நிறுத்தச் சொல்லி, கொஞ்சநேரம் கழித்து, "அப்ப அங்கயும் மனுஷங்கதான் இருக்காங்க" என்றாள். இரண்டு வாரத்தில் அழாமல் பேசிய முதல் பேச்சு.

ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. தங்கச்சி பயணத்துக்கு முன் தெரிந்தால் போவதைத் தள்ளிப்போடுவாளோ என்று நாங்கள் சொல்லாமல் வைத்திருந்தோம். உங்கள் பதிவைப் பார்த்தபிறகு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பெட்டி விஷயமும் சொல்லிவிடுங்கள் சிஸ்டர். அம்மா கறிவேப்பிலைக் கன்று கொடுத்துவிடலாம் என்கிறாள்.


அத்தை மகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அத்தை ஆப்பிரிக்காவில் சிஸ்டராக இருக்கிறார். சிஸ்டர் சொன்னதில் ஒன்றை வீட்டுப்பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். விடுமுறைக்கு வரும்போது விருந்து, பங்கில் வரவேற்பு, சால்வை, மேடையில் அனுபவப் பகிர்வு என்று விடுமுறையைத் தின்றுவிடுகிறோம். போன தடவை அத்தை ஊருக்கு வந்து, கடைசி நாள் ராத்திரி "நான் இன்னும் வீட்ல ஒரு மத்தியானம் தூங்கலடா" என்றார். அடுத்த தடவை வந்ததும் ஒரு வாரம் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று நாங்கள் முடிவுபண்ணியிருக்கிறோம்.


ஊர்க்குரல்:

சிஸ்டர், நான் கேட்ட தொனி தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மிஷன் பெயரில் வெளிநாட்டுப் பணம், கணக்கில்லாத டிரஸ்ட் எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் சாவுக் காரணத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பது பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. நம்ம ஊரிலும் செய்வினை என்று அடிக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே போகிற கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு இதை யாராவது சொல்லித்தரலாம்.


குளச்சல் சிஸ்டர்:

ஊர்க்குரல் ஐயா, கேள்வி கேளுங்கள், நல்லதுதான். கணக்கைக் கேட்காத பங்குமக்களால்தான் கெட்டுப்போன சாமியார்களும் சிஸ்டர்களும் உண்டு. நான் சொன்னேன் என்று எந்த மடத்திலும் சொல்லவேண்டாம்.

தம்பி, கால் புண்ணை இன்று ராத்திரியே சொல்லிவிடு. சும்மா "அம்மாவுக்குச் சரியில்ல" என்று இழுக்காதே. சர்க்கரை அளவு என்ன, மூன்று மாதச் சராசரி என்ன, புண் எந்த விரலில், என்ன மருந்து போடுகிறீர்கள், எல்லாம் எழுதி, வெளிச்சத்தில் புண்ணைப் படம் எடுத்து அனுப்பு. நர்ஸ்காரிக்கு அதைப் பார்த்தால் எவ்வளவு பயப்படவேண்டும் என்று தெரியும். தெரியாமல் விட்டால்தான் அளவில்லாமல் பயப்படுவாள். விசாவும் அங்கத்திய நர்சிங் கவுன்சில் பதிவும் வருவதற்குள் எப்படியும் மாதங்கள் ஆகும், அதற்குள் அவள் வந்து பார்த்துவிட்டே போகலாம். தள்ளிப்போட்டாலும் தள்ளிப்போடட்டும், அது அவள் முடிவு.

கறிவேப்பிலைக் கன்று கூடவே கூடாது. செடி, விதை, பச்சைக்காய், இலை எதுவும் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. கடைப் பாக்கெட்டில் சீல் வைத்த சாம்பார்ப் பொடி, பெருங்காயம் கொண்டுபோய், அங்கே கேட்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதினால் போதும். கருவாடு வேண்டாம், அம்மாவிடம் சொல், நானும் முயற்சி செய்யலாமா என்று நினைத்தவள்தான்.

மற்றபடி: தலையில் மாட்டுகிற நல்ல டார்ச் இரண்டு. மருந்தேற்றிய கொசுவலை, ஒற்றைக் கட்டில் அளவு. ரப்பர் பூட்ஸ் அங்கேயே கிடைக்கும். வெள்ளைப் பருத்தி அங்கி ஈரத்தில் பூஞ்சை பிடித்துப்போகும், சீக்கிரம் காய்கிற துணியில் இரண்டு தைக்கச் சொல். சொந்த ஸ்டெதஸ்கோப், பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதற்கு மாற்று பேட்டரி. சூட்கேஸில் பாதியை மருந்துக்கு விடு. பிரான்சிஸ் போப்பாண்டவர் 2024 செப்டம்பரில் வனிமோ வந்தபோது அவர் விமானத்திலும் ஒரு டன் மருந்தும் சாமானும்தான் வந்தது, அதற்குமேல் நம்ம என்ன பெரிய ஆள். பாக்கு கொடுப்பார்கள், டக்கா என்கிற காயைச் சுண்ணாம்பில் தொட்டு மெல்லவேண்டும். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் போதும், மரியாதை கெடாது. வாய்ப்புற்று அங்கே நிறைய.

மலேரியா பற்றி ஒரு வார்த்தை. வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். விடுமுறைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு, வைரல் என்று நாள் கடத்தாமல், அங்கிருந்து வந்தவள் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும். புறப்படுமுன் இங்கேயே ஜி6பிடி (சிவப்பணுவில் இருக்கிற ஒரு நொதி) ரத்தப் பரிசோதனை எடுத்து ரிப்போர்ட்டைக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். ஒளிந்திருப்பதை அழிக்கிற ப்ரிமாகுவின் கொடுக்க அது தேவைப்படும், அங்கே காட்டுக்குள் அந்தப் பரிசோதனை கிடைக்காது.

பல். மறந்தே போனேன். ஆடுகிற பல், சொத்தைப் பல், ஞானப்பல் எதுவாக இருந்தாலும் ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும். எங்கள் பக்கத்தில் பல் பிடுங்கும் இடுக்கி என் கையில்தான் இருந்தது. என் பல்லை நானே பிடுங்கமுடியாது பார்.